நரம்பு என்றால் எது நரம்பு? உடலைப் படிக்கத் தொடங்குவோருக்கு

கிளிநொச்சி, வட்டக்கச்சியில் ஒரு மாலை வகுப்பு. நான் நரம்புத் தொகுதியைக் கரும்பலகையில் கீறிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, “சேர், எங்கட அம்மம்மாவுக்குக் காலில நரம்பு சுருண்டு புடைச்சுப்போய்க் கிடக்கு, அது ஏன்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி வந்துவிட்ட சந்தோசத்தில், முள்ளந்தண்டில் இருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “இல்லை சேர், நீலமா இருக்குமே, அது” என்றாள்.

அவள் கேட்டது நாளத்தை, அதாவது குருதி ஓடும் ஒரு வகைக் குழாயை. நான் விளக்கியது செய்தி கொண்டு போகும் நரம்பை. அவளில் பிழை இல்லை. எங்கள் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும்போதுகூட “நரம்பு பிடிபடுதில்லை” என்றுதானே சொல்கிறார்கள்? அங்கே தேடுவதும் நாளத்தைத்தான்.

உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் படிக்க வருகிறவர்கள் புதுச் சொற்களுக்குப் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அவர்களை விழுத்துவது பழைய சொற்கள்தான். நாடி, நரம்பு, நெஞ்சு, வயிறு, கால் எல்லாம் சின்ன வயதில் இருந்தே தெரியும் என்று நினைத்துக்கொண்டு வருவோம். பாடத்தில் அதே சொல் வேறு பொருளில் நிற்கும். இதை முதலில் பிரித்து வைத்துவிட்டால் மிச்சம் அவ்வளவு கடினம் இல்லை. உயர்தர உயிரியல் எடுத்தவர், தாதியர் பயிற்சிக்குப் போக இருப்பவர், முதலுதவி பழகுகிறவர், வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவர் எல்லாரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, முதலில் இரண்டு பெயர்கள். உடல் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது, அவை எங்கே இருக்கின்றன என்று சொல்வது உடற்கூற்றியல். அவை எப்படி வேலை செய்கின்றன என்று சொல்வது உடற்றொழிலியல். தமிழ்நாட்டில் இரண்டாவதை உடலியங்கியல் என்பார்கள். இரண்டையும் தனித்தனியே படிக்கலாம், ஆனால் மனதில் நிற்காது. முழங்கை ஏன் ஒரு பக்கம் மட்டும் மடிகிறது என்று கேட்டால்தான் அந்த மூட்டின் வடிவம் ஞாபகத்தில் தங்கும்.

கொப்பியில் நான்கு நிரல்

ஒரு புதுக் கொப்பி எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு நிரலாகக் கோடு போடுங்கள். முதல் நிரலில் வீட்டுச் சொல், இரண்டாவதில் எங்கள் இலங்கைப் பாடநூற் சொல், மூன்றாவதில் தமிழ்நாட்டுச் சொல், நான்காவதில் ஆங்கிலச் சொல்.

நான்கு எதற்கு என்றால், எங்கள் பிள்ளைகள் உண்மையிலேயே நான்கு மொழிக்குள் நின்று படிக்கிறார்கள். பாட்டி ஒரு சொல் சொல்வா. பரீட்சைத் தாள் இன்னொன்று சொல்லும். யூரியூப்பில் விளக்கம் தேடினால் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஆசிரியர் வருவார், அவர் மூன்றாவது சொல் சொல்வார். உயர்தரத்தைத் தமிழில் எழுதிவிட்டு மருத்துவபீடத்துக்குப் போனால் அங்கே எல்லாம் ஆங்கிலம்.

நாங்கள் இழையம் என்பதை அவர்கள் திசு என்பார்கள். எங்கள் அங்கம் அவர்களுக்கு உறுப்பு, எங்கள் தொகுதி அவர்களுக்கு மண்டலம். நாடி அங்கே தமனி, நாளம் அங்கே சிரை, சதையி அங்கே கணையம், பிரிமென்றகடு அங்கே உதரவிதானம். எது சரி என்ற சண்டை வேண்டாம், இரண்டும் சரி. பரீட்சையில் மட்டும் எங்கள் சொல்லை எழுதுங்கள்.

ஒரு சொல்லில் மட்டும் எனக்குப் பக்கச்சார்பு உண்டு. தமிழ்நாட்டில் ‘செல்’ என்பதை நாங்கள் ‘கலம்’ என்கிறோம். வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு “உங்கள் உடம்பு முழுக்கச் செல்” என்று சொல்லிப் பாருங்கள். 2009 வரை நடந்த போரைத் தாண்டி வந்தவர்கள் எறிகணை என்ற அர்த்தத்தில்தான் கேட்பார்கள். சிலருடைய உடம்பில் அந்தச் செல்லின் துண்டு இன்றைக்கும் இருக்கிறது. அதனால் என் வகுப்பில் கலம்தான்.

கலம் என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘குருதிக் கலன்’ என்றால் குருதி ஓடும் குழாய். ‘கலம்’ என்றால் உயிரின் அடிப்படை அலகு. ஒரு எழுத்து மாறினால் விடை மாறிவிடும். எழுதும்போது கடைசி எழுத்தைத் திரும்பப் பாருங்கள்.

இந்தச் சொற்களுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றியலுக்கு அவர் வழங்கிய சொல் அங்காதிபாதம். பாதம் முதல் கேசம் வரையும் கேசம் முதல் பாதம் வரையும் உடலை வருணித்துப் பாதாதிகேசமும் கேசாதிபாதமும் பாடிய மொழிக்கு அது அந்நியமாக இருந்திருக்காது. இன்று அந்தச் சொல் பாடநூலில் இல்லை, ஆனால் தமிழில் மருத்துவம் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் எனக்கு மானிப்பாய்தான் ஞாபகம் வரும்.

எழும்பி நில்லுங்கள்

அடுத்த படிக்குப் புத்தகம் வேண்டாம். எழும்பி நேராக நின்று, முகத்தை முன்னே வைத்து, கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்பக்கம் திருப்புங்கள். இதுதான் உடற்கூற்று நிலை. நோயாளி படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும், திசை சொல்லும்போது அவர் இப்படி நிற்பதாக நினைத்துத்தான் சொல்ல வேண்டும். உள்ளங்கை முன்னே இருப்பதால் பெருவிரல் உடலில் இருந்து வெளிப்பக்கம் பார்க்கும். இது முதலில் வித்தியாசமாகத் தோன்றும், ஒரு கிழமையில் பழகிவிடும்.

இடம், வலம் எப்போதும் நோயாளியுடையது, உங்களுடையது இல்லை. புத்தகப் படத்தில் இதயத்தின் இடது பக்கம் உங்கள் வலது கைப் பக்கமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் படம் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பரீட்சையில் இதயத்தைக் கீறி இடத்தையும் வலத்தையும் மாற்றிக் குறித்து முழுப் புள்ளியையும் விட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

இப்போது திசைச் சொற்கள். தலைப்பக்கம் மேல், பாதப்பக்கம் கீழ். முன், பின் தெரியும். உடலின் நடுவே மூக்கில் இருந்து தொப்புள் வழியாக ஒரு கோடு போட்டால் அதற்குக் கிட்ட இருப்பது நடுப்பக்கம், தள்ளி இருப்பது வெளிப்பக்கம். கை கால்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும்: உடலோடு பொருந்தும் இடத்துக்குக் கிட்ட இருப்பது அண்மை, தூர இருப்பது சேய்மை. கணுக்காலோடு ஒப்பிட்டால் முழங்கால் அண்மை, தொடையோடு ஒப்பிட்டால் சேய்மை.

அண்மை, சேய்மை எங்கள் பகுதியில் வெறும் பரீட்சைச் சொற்கள் அல்ல. கால் இழந்தவர் இல்லாத கிராமம் இங்கே அரிது. முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டதா, மேலே வெட்டப்பட்டதா என்பது அவருடைய வாழ்க்கையையே மாற்றுகிறது. முழங்கால் மூட்டு தப்பினால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவோ இலகு. மூட்டும் போய்விட்டால் அதே தூரத்தை நடக்கக் கூடுதலான சக்தி செலவாகும். பழைய மருத்துவக் குறிப்பை வாசிக்கும்போது அந்த ஒரு திசைச் சொல்லில்தான் எல்லாம் இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடலுக்குள் உலோகத் துண்டு இருப்பவர் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கப் போனால் முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பலமான காந்தம். துண்டு எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று தெரிந்தால் இன்னும் நல்லது. பழைய எக்ஸ்றே படம் வீட்டில் கிடந்தால் எறியாதீர்கள்.

கலத்தில் இருந்து ஆள் வரை

இந்தப் பகுதியை விரைவாகக் கடக்கலாம். ஒரே மாதிரியான கலங்கள் சேர்ந்தால் இழையம், இழையங்கள் சேர்ந்தால் அங்கம், அங்கங்கள் சேர்ந்தால் தொகுதி, தொகுதிகள் சேர்ந்தால் ஆள்.

இழையங்கள் நான்கு வகை. மேற்பரப்பையும் உட்சுவரையும் மூடுவது மேலணி இழையம். தாங்குவதும் இணைப்பதும் தொடுப்பிழையம். சுருங்குவது தசையிழையம், செய்தி கொண்டு போவது நரம்பிழையம். இதில் பலர் தடுக்குப்படும் இடம் தொடுப்பிழையம். என்பும் அதில்தான் அடங்கும், கொழுப்பும் அதில்தான், குருதியும் அதில்தான். ஒன்று கல் மாதிரி, ஒன்று தண்ணீர் மாதிரி, எப்படி ஒரே வகை? கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், தங்களுக்கிடையே நிறைய இடைப்பொருளோடு சிதறிக் கிடப்பதுதான் அதன் அடையாளம். என்பில் இடைப்பொருள் இறுகிவிட்டது, குருதியில் அது திரவம்.

நெஞ்சும் வயிறும்

வீட்டுச் சொற்கள் அதிகம் மோசம் செய்யும் இடம் இது. “நெஞ்சு நோகுது” என்றால் மார்பா, இதயமா, களமா? களம் என்பது வாயில் இருந்து இரைப்பைக்கு உணவு இறங்கும் குழாய். நெஞ்செரிவு என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் இரைப்பையின் அமிலம் களத்துக்குள் மேலே வருவது. இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மாரடைப்பும் சிலருக்கு அதே எரிவாகத்தான் தொடங்கும், அதுவும் வயதானவர்களுக்கும் சலரோகம் உள்ளவர்களுக்கும். ஆகவே சொல்லைப் பிரித்து அறியுங்கள், நோயை நீங்களே தீர்மானிக்காதீர்கள்.

“வயிறு” இதைவிடக் குழப்பம். வயிறு நிறைந்தது என்றால் இரைப்பை. வயிற்றில் பிள்ளை என்றால் கருப்பை. வயிற்றால் போகிறது என்றால் குடல். பாடநூலில் இவை எல்லாம் இருக்கும் வெளிக்கு வயிற்றறை என்று பெயர். அதற்கு மேலே நெஞ்சறை. இரண்டுக்கும் நடுவில் குடை மாதிரிக் கவிந்திருக்கும் தசைத் தட்டுத்தான் பிரிமென்றகடு. அது சுருங்கித் தட்டையாகும்போது நெஞ்சறை பெரிதாகிக் காற்று உள்ளே வருகிறது, தளர்ந்து மேலெழும்போது காற்று வெளியே போகிறது. சுவாசப்பைக்குத் தானாக விரியும் தசை கிடையாது. கையை மேல் வயிற்றில் வைத்து ஆழமாக மூச்சு இழுங்கள், வயிறு முன்னே தள்ளும். பிரிமென்றகடு கீழே இறங்கி உள்ளே இருப்பதை அழுத்துகிறது, அவ்வளவுதான்.

வயிற்றறையைத் தொப்புள் வழியாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நான்காகப் பிரியுங்கள். இங்கே ‘கால்’ என்பது காற்பங்கு, நடக்கும் கால் இல்லை. வலது மேல் காலில் ஈரலின் பெரும்பகுதியும் பித்தப்பையும். இடது மேல் காலில் இரைப்பையும் மண்ணீரலும். வலது கீழ்க் காலில் குடல்வளரி, அதாவது எல்லாரும் அப்பென்டிக்ஸ் என்று சொல்வது. இடது கீழ்க் காலில் பெருங்குடலின் கடைசிப் பகுதிகள். குடல்வளரி வீங்கும்போது நோவு பலருக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கிப் பிறகு வலது கீழ்ப்பக்கம் இறங்கும். சிறுநீரகங்கள் பின்புறம், கடைசி விலா என்புகளை ஒட்டி இருக்கின்றன. வலதின் மேல் ஈரல் உட்கார்ந்திருப்பதால் அது இடதை விடக் கொஞ்சம் கீழே.

ஆட்டின் இதயம்

ஒரு தொகுதியையாவது ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால் சுற்றோட்டத் தொகுதியை எடுங்கள். முதலில் இறைச்சிக் கடைக்குப் போய் ஒரு ஆட்டு இதயம் கேளுங்கள். வெட்டாமல் முழுசாக வேண்டும் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் கறிக்கு வெட்டித் தந்துவிடுவார்கள். வீட்டில் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கூரான கத்தியால் நெடுக்காகப் பிளவுங்கள்.

மேலே இரண்டு சிறிய, மெல்லிய சுவருள்ள அறைகள், அவை சோணையறைகள். கீழே இரண்டு தடித்த அறைகள், அவை இதயவறைகள். இரண்டு இதயவறைகளின் சுவரையும் விரலால் பிடித்துப் பாருங்கள். இடது சுவர் வலதை விட மிகத் தடிப்பு. வலது இதயவறை பக்கத்தில் இருக்கும் சுவாசப்பைக்கு மட்டும் குருதியைத் தள்ளுகிறது, இடது இதயவறை உச்சி தொடங்கிக் கால் நுனி வரைக்கும் தள்ளுகிறது. காரணத்தைக் கையால் தொட்டுப் பார்த்தவர் பரீட்சையில் இதை மறப்பதில்லை. அறைகளுக்கு நடுவே வெள்ளையாக, பட்டுத்துணி மாதிரி இருப்பவை வால்வுகள். வலப்பக்கம் முக்கூர் வால்வு, இடப்பக்கம் இருகூர் வால்வு. அவற்றில் இருந்து கீழே நூல் நூலாக இறங்குவது வால்வு பின்னால் புரளாமல் பிடித்து வைக்கும் நாண்கள்.

பிறகு நாடி. வீட்டில் நாடி பார்த்தல் என்றால் துடிப்பைப் பார்த்தல். பாடத்தில் நாடி என்றால் ஒரு வகைக் குழாய். இரண்டும் பொருந்தும், அந்தத் துடிப்பு வருவது அந்தக் குழாயில் இருந்துதான். ஆனால் வரைவிலக்கணத்தைச் சரியாகப் பிடியுங்கள்: இதயத்தில் இருந்து குருதியை வெளியே கொண்டு போவது நாடி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது நாளம். “நாடியில் சுத்த இரத்தம், நாளத்தில் அசுத்த இரத்தம்” என்று பாடமாக்கியவர்கள் சுவாசப்பை நாடியில் வந்து மாட்டுவார்கள். அதில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த குருதி. சுவாசப்பை நாளத்தில் ஓடுவது ஒட்சிசன் நிறைந்த குருதி. வரைவிலக்கணம் திசையில் இருக்கிறது. ‘அசுத்தம்’ என்ற சொல்லை நான் வகுப்பில் விடுவதே இல்லை. அதில் அழுக்கு எதுவும் கிடையாது.

இப்போது மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, நடு இரண்டு விரல்களை வையுங்கள். உங்கள் பெருவிரலால் பார்க்க வேண்டாம், அதன் சொந்தத் துடிப்பே உங்களை ஏமாற்றும். முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. ஒரு துடிப்பில் இதயம் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் வெளியே தள்ளும். 70 தரம் துடித்தால் 4,900 மில்லிலீற்றர், கிட்டத்தட்ட ஐந்து லீற்றர். உங்கள் உடம்பில் உள்ள குருதி முழுவதுமே அவ்வளவுதான். ஆக, நீங்கள் சும்மா இருக்கும்போதே ஒரு நிமிடத்தில் எல்லாக் குருதியும் ஒரு சுற்றுப் போய் வந்துவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இதை எங்கள் இரணைமடுக் குளத்தை வைத்துச் சொல்வேன். துருசு, அதாவது மதகு, திறந்தால் பெரிய வாய்க்கால், அதில் இருந்து கிளை வாய்க்கால், கடைசியில் வயல். பெரிய வாய்க்காலில் நெல் விளையாது. அப்படித்தான் நாடிகளிலும் ஒரு கொடுக்கல் வாங்கலும் நடக்காது. ஒட்சிசனும் குளுக்கோசும் கலங்களுக்குப் போவது தலைமயிரை விட மெல்லிய மயிர்த்துளைக்குழாய்களில். அவைதான் வயல். ஆனால் இந்த உவமை ஒரு இடத்தில் உடைந்துவிடும், உடையும் இடத்தையும் சொல்லத்தான் வேண்டும். குளத்துத் தண்ணீர் பள்ளத்தை நோக்கித் தானாக ஓடும், மிஞ்சினது சுண்டிக்குளம் பக்கம் போய்விடும், குளத்துக்குத் திரும்பி வராது. குருதியோ வட்டமாகச் சுற்றுகிறது, அதைத் தள்ள ஒரு பம்பி வேண்டியிருக்கிறது. இந்த வட்டத்தை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹாவி 1628 இல் எழுதி வெளியிட்டபோது நாடியையும் நாளத்தையும் இணைக்கும் குழாய்களை அவர் கண்டிருக்கவில்லை. இருக்கத்தான் வேண்டும் என்று கணக்குப் பார்த்தே சொன்னார். 1661 இல் இத்தாலிய மருத்துவர் மல்பீகி நுணுக்குக்காட்டியில் அவற்றைப் பார்த்தபோது ஹாவி உயிரோடு இல்லை.

அம்மம்மாவின் கால்? காலில் இருந்து குருதி மேலே ஏற வேண்டும், அதாவது பள்ளத்தில் இருந்து மேட்டுக்கு. அதற்காகக் கால் நாளங்களுக்குள் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை நாளத்தைப் பிழிந்து குருதியை மேலே தள்ளும், வால்வு அது கீழே இறங்காமல் மறிக்கும். வால்வு பழுதானால் குருதி தேங்கி, நாளம் விரிந்து சுருண்டு, தோலுக்கு வெளியே நீலமாகத் தெரியும். நீண்ட நேரம் நின்று வேலை செய்தவர்களிடம் அதிகம் காணலாம்.

‘பிறஷர்’ என்பதையும் இங்கேயே முடிப்போம். “எனக்குப் பிறஷர் இருக்கு” என்கிறோம். குருதி அமுக்கம் எல்லாருக்கும் இருக்கிறது, இல்லாவிட்டால் ஆளே இல்லை. 120/80 என்று எழுதியிருந்தால் மேலே இருப்பது இதயவறை சுருங்கும்போது நாடிச் சுவரில் விழும் அமுக்கம், கீழே இருப்பது தளரும்போது உள்ள அமுக்கம். அலகு இரசத்தின் மில்லிமீற்றர். வருத்தம் என்று சொல்வது அது கூடி நிற்பதை.

நிலையாக வைத்திருக்கும் வேலை

உடற்றொழிலியலில் ஒரே ஒரு கருத்தை மட்டும் கொண்டு போகலாம் என்றால் நான் ஒருசீர்த்திடநிலையை எடுத்துக்கொள்வேன். பெயர்தான் பயமுறுத்தும். 1920களில் வோல்ட்டர் கனன் என்ற அமெரிக்க உடற்றொழிலியலாளர் இந்தக் கருத்துக்கு ஆங்கிலப் பெயர் வைத்தார். வெளியே என்ன மாறினாலும் உள்ளே ஒரு எல்லைக்குள் வைத்திருப்பது என்று அர்த்தம்.

சிறுபோகக் காலத்தில் மதியம் வயலில் நிற்கிறீர்கள், வெயில் கொளுத்துகிறது, சோளகக் காற்றும் வரண்டு வீசுகிறது. உள்ளே உடல் 37 பாகை செல்சியசை ஒட்டியே இருக்க வேண்டும். மூளையின் அடியில் இருக்கும் ஐப்போதலமசு சூடு ஏறுவதை உணர்கிறது. தோலின் குருதிக் கலன்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வியர்வை வருகிறது. வியர்வை வழிந்து விழுந்தால் பயனில்லை, அது ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மழைக்கு முன் புழுக்கத்தில் அவதிப்படுவது அதனால்தான். குளிர்ந்ததும் வியர்வை நிற்கிறது. ஏறினதை இறக்கி, இறங்கினதை ஏற்றி, மாற்றத்துக்கு எதிராக வேலை செய்வதால் இதற்கு மறைப் பின்னூட்டல் என்று பெயர். கணிதத்தில் வரும் ‘மறை’தான், மறைத்தல் இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, நேர்ப் பின்னூட்டல். மகப்பேற்றின்போது குழந்தையின் தலை கருப்பைக் கழுத்தை அழுத்த, ஒட்சிற்றோசின் என்ற ஓமோன் சுரக்கும். அது கருப்பையை இன்னும் சுருக்கும், தலை இன்னும் அழுத்தும். குழந்தை பிறக்கும் வரை இது ஏறிக்கொண்டே போகும். உடலில் இந்த மாதிரி மிகக் குறைவு. ஒரு முடிவு இல்லாத இடத்தில் இது ஆபத்து.

வியர்வை அதிகம் போனால் சிறுநீரகம் தண்ணீரைச் சேமிக்கத் தொடங்கும், சலம் கடும் மஞ்சளாக வரும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் சிறுநீரகத்திகள் இருக்கின்றன. அவை ஒரு நாளில் வடிகட்டும் திரவம் 180 லீற்றர் அளவு. இருபது லீற்றர்க் கான் என்றால் ஒன்பது கான். அதில் ஒன்றரை லீற்றர் அளவுதான் சிறுநீராக வெளியே வரும், மிச்சம் எல்லாம் திரும்பக் குருதிக்குள் உறிஞ்சப்படும். தசையில் உண்டாகும் கிரியற்றினின் என்ற கழிவு மட்டும் பெரும்பாலும் திரும்பி வராது. அதனால்தான் குருதியில் அதன் அளவு கூடினால் வடிகட்டி பழுதென்று சந்தேகிக்கிறார்கள். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் விவசாயிகளைப் பிடித்திருக்கும் சிறுநீரக நோய் ஆரம்பத்தில் நோவே தருவதில்லை. அந்த ஒரு எண்ணைக் கிளினிக் கொப்பியில் வாசிக்கத் தெரிந்திருப்பது இங்கே பெரிய விசயம்.

முள்ளந்தண்டும் பாம்பும்

முள்ளந்தண்டில் 33 துண்டுகள்: கழுத்தில் 7, நெஞ்சில் 12, நாரியில் 5, அதற்குக் கீழே ஒன்றாக ஒட்டிய 5, கடைசியில் 4. ‘நாரி’ என்ற சொல்லைப் பார்த்துச் சந்தோசப்படுங்கள். “நாரி நோகுது” என்று அம்மா சொல்வதும் பாடநூல் சொல்வதும் இந்த ஒரு தரம் ஒரே இடம். கடைசி என்புக்குக் குயிலலகு என்று பெயர், வடிவமும் குயிலின் அலகு மாதிரித்தான்.

இதற்குள் முள்ளந்தண்டு வடம் ஓடுகிறது, ஆனால் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. முதலாம், இரண்டாம் நாரி என்பு மட்டத்தோடு முடிந்துவிடும். வடம் எந்த மட்டத்தில் அறுந்ததோ அதற்குக் கீழே உள்ள செய்திப் போக்குவரத்து நிற்கும். கழுத்தில் அடிபட்டால் கைகளும் கால்களும், நெஞ்சு மட்டத்தில் என்றால் கால்கள் மட்டும். போரில் முதுகில் சன்னம் பட்டவர்களுடைய குறிப்புகளில் வரும் எழுத்தும் எண்ணும் இந்த மட்டத்தைத்தான் சொல்கின்றன.

நரம்பில் இருந்து தசைக்குச் செய்தி ஒரு சிறு இடைவெளியை இரசாயனப் பொருளால் கடந்து போகிறது. நாகமும் எட்டடி விரியனும் கடித்தால் நஞ்சு தாக்குவது அந்தச் சந்தியை. முதலில் கண் இமை தொங்கும், பிறகு விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். புடையன் கடித்தால் பெரும்பாலும் பாதிக்கப்படுவது குருதி உறையும் வேலை. ஆஸ்பத்திரியில் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் குருதி எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் அந்த நஞ்சென்று சந்தேகம். இரண்டு வகை நஞ்சு, இரண்டு தொகுதி. கடிபட்டவரை நடக்கவிடாமல், கட்டு இறுக்காமல், வெட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நீளமான சொல்லை உடைப்பது

கடைசி வேலை நான்காவது நிரல். ஆங்கில மருத்துவச் சொற்களைப் பாடமாக்காதீர்கள், கொழுக்கட்டையைப் பிட்டுப் பார்ப்பது போல உடைத்து உள்ளே என்ன என்று பாருங்கள். முன்னால் வருவது இடம்: காடியோ என்றால் இதயம், ஹெப்பற்றோ ஈரல், நெஃப்ரோ சிறுநீரகம், கஸ்ற்றோ இரைப்பை, மயோ தசை. பின்னால் வருவது என்ன நடந்தது: ஐற்றிஸ் என்றால் அழற்சி, எக்ரமி என்றால் வெட்டி எடுத்தல், ஸ்கோப்பி என்றால் உள்ளே பார்த்தல், ஈமியா என்றால் குருதியில். ஹெப்பற்றைற்றிஸ் ஈரல் அழற்சி, அப்பென்டிசெக்ரமி குடல்வளரியை எடுத்துவிட்டார்கள், கஸ்ற்றைற்றிஸ் என்று சொல்லிக்கொண்டு பாதி ஊரே குளிசை போடுவது இரைப்பை அழற்சிக்கு.

இரண்டு முன்னொட்டுக்கள் மட்டும் மாறவே கூடாது. ஹைப்பர் என்றால் கூட, ஹைப்போ என்றால் குறைய. வெறும் வயிற்றில் குருதிக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை இயல்பு. சலரோகத்துக்கு இன்சுலின் போடுகிற ஒருவர் சாப்பிடாமல் விட்டு வியர்த்து, நடுங்கி, பிதற்றினால் பெரும்பாலும் அது ஹைப்போ. நினைவு இருந்து விழுங்கவும் முடியுமென்றால் சீனித் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். “சீனி வருத்தக்காரருக்குச் சீனி கொடுக்கக் கூடாது” என்று பக்கத்து வீட்டார் தடுப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, பழுதானால் என்ன தெரியும் என்று மூன்று வரி எழுதுங்கள். முடிந்தால் உங்கள் உடம்பிலேயே தொட்டுக் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் கிளினிக் கொப்பியை வாரத்துக்கு ஒரு தரம் எடுத்து, தெரிந்த சொற்களுக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள்.

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை அம்மம்மாவின் கிளினிக் கொப்பியைக் கொண்டு வந்தாள். டொக்டரின் கிறுக்கலை இரண்டு பேருமாக எழுத்துக் கூட்டினோம்: வெரிக்கோஸ் வெயின். தன்னுடைய கொப்பியைத் திறந்து, நான்கு நிரலிலும் வரிசையாக எழுதினாள்: நரம்பு, நாளம், சிரை, வெயின். முதலாவதின் மேல் மட்டும் சிவப்புப் பேனையால் ஒரு கேள்விக்குறி போட்டாள்.